நான்காவது தட்டு

இந்தக் கேள்வி பதில் பகுதியில் பொதுவாக ஐந்தாறு வெவ்வேறு பொருள்களைப் பற்றிய கடிதங்களுக்கு இடம் தருவது வழக்கம். இம்முறை அப்படிச் செய்ய முடியவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய், பள்ளி நோட்டிலிருந்து கிழித்த பதினொரு தாள்களில் இருபுறமும் நிறைய எழுதி அனுப்பிய கடிதத்தை வாசித்தபின் மற்றவற்றைப் பிரிக்க மனம் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளைக் குறித்து முன்பே வந்து, என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நான் எடுத்து வைத்திருந்த வேறு மூன்று கடிதங்களையும் அதனோடு சேர்த்துக்கொண்டேன். எழுதியவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை நீக்கிச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவன் ஐந்தாம் வகுப்பு, இளையவள் ஒன்றாம் வகுப்பு. சென்ற காலாண்டு விடுமுறைக்கு இருவரையும் தாமிரபரணிக் கரையில் இருக்கும் என் பிறந்த ஊருக்கு அனுப்பியிருந்தேன். நான்காம் நாள் காலையில் என் அப்பாவோடு படித்துறைக்குக் குளிக்கப் போன என் மகன், மணல் அள்ளிய பள்ளத்தில் சிக்கி மூழ்கி இறந்துவிட்டான். அப்பா தன் வேட்டியை அலசிப் பிழிந்துவிட்டுத் திரும்பும் நேரம்தான் ஆகியிருக்கும் என்கிறார்கள். ஏழு மாதம் ஆகிவிட்டது.

என் கணவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பதினோராம் நாளே வேலைக்குப் போய்விட்டார். மகனின் படங்களைச் சுவரிலிருந்து எடுத்துப் பரணில் வைத்துவிட்டார். நான் அவன் பெயரைச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில், யாரும் ஓட்டாமல் திண்ணையில் நிற்கும் அவனுடைய சைக்கிளைக் கீழே இறக்கித் துடைத்து, இரண்டு சக்கரங்களுக்கும் காற்றடித்து, மறுபடியும் அதே இடத்தில் நிறுத்துகிறார். துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டாமே, இவர் முதல் படியிலேயே நின்றுவிட்டாரா? பிள்ளையை இழந்த கணவன் மனைவி பெரும்பாலும் பிரிந்துவிடுவார்கள் என்று என் தங்கை எங்கேயோ படித்துவிட்டுச் சொன்னாள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

என் மகள் இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் நான்கு தட்டுகள் வைக்கிறாள். ஒருநாள் அவர் நான்காவது தட்டை எடுத்து உள்ளே வைத்தார். அவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் நான்குதான் வைத்தாள். "நான் அண்ணனோடு ரப்பருக்குச் சண்டை போட்டேனே, அதனாலா அம்மா?" என்று ஒரு நாள் கேட்டாள். "அண்ணன் சாமியிடம் போயிருக்கிறான்" என்று மட்டும் சொன்னேன்.

"உன் அம்மா வீட்டுக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் பிள்ளை இருந்திருப்பான்" என்று என் மாமியார் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அந்த ஒரு முறையே போதும். இப்போது அவரே, இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள், அவனே வந்து பிறப்பான் என்கிறார். மகள் பிறந்தபோதே நான் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டேன். என் அப்பா ஆற்றுப் பக்கம் போவதே இல்லை, என்னோடு பேசுவதும் இல்லை. நானும் பேசவில்லை. அவர்மேல் கோபமா, இரக்கமா என்று எனக்கே தெரியவில்லை. நாங்கள் இனி எப்படி ஒரு குடும்பமாக இருப்பது?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் மகனின் பெயர் இருபத்து மூன்று இடங்களில் வருகிறது. அச்சில் வெளியிடக் கூடாது என்பதால் அத்தனை இடங்களிலும் நீக்கினேன். ஒவ்வோர் இடத்திலும் கை தயங்கியது. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல வழியில்லாமல்தான் காகிதத்தில் இத்தனை முறை எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: அந்தப் பெயர் உங்கள் வீட்டில் மீண்டும் வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும்.

முதலில் உங்கள் கணவர். அவர் துக்கப்படவில்லை என்று நீங்கள் எழுதவில்லை, கண்ணீர் விடவில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவனம் உங்களிடம் இருப்பது நல்லது. யாரும் ஏறப்போகாத சைக்கிளுக்கு வாரந்தோறும் காற்றடிக்கும் ஒரு தகப்பனிடம் துக்கம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? படத்தைப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை. பெயரைக் கேட்கும் தெம்பும் இல்லை. மகனுக்காக அவருடைய கைகளால் இன்னும் செய்ய முடிகிற ஒரே வேலை அதுவாக இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, எதுவும் கேட்காமல் ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பிடியைத் துடையுங்கள். பேச்சு அன்றைக்கே வரவேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எத்தனை ஞாயிறுகள் ஆனாலும் ஆகட்டும்.

மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் ஐந்து படிகள் என்ற கருத்து எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மருத்துவர் 1969இல் சொன்னது. தம் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி அவர் கண்டதைத்தான் பிற்காலத்தில் பிறரை இழந்தவர்களுக்கும் அளவுகோலாக்கிவிட்டார்கள். அந்த வரிசையில் ஏறி இறங்க வேண்டும் என்று எவருக்கும் கட்டாயம் இல்லை. உங்கள் வீட்டுக்கு இன்னும் பொருத்தமான விளக்கத்தை நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்கூட் என்னும் இரு ஆய்வாளர்கள் 1999இல் தந்தார்கள். இழந்தவர்களின் மனம் இழப்பின் பக்கமும், அடுத்து வாழவேண்டிய வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வரும் என்பதும், அந்தப் போக்குவரத்துதான் ஒருவரைத் தாங்கி நிறுத்துகிறது என்பதும் அவர்கள் கண்டது. காலையில் அழுதுவிட்டு மாலையில் மின்கட்டணம் கட்ட வரிசையில் நிற்கிறோமே, அதுதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை. நீங்கள் இழப்பின் பக்கம் அதிகமாக இருக்கிறீர்கள், அவர் வேலையின் பக்கம் அதிகமாக இருக்கிறார். நீங்கள் அவரைக் கல்நெஞ்சர் என்று எண்ணுகிறீர்கள், அவரோ உங்களைத் தேற்ற முடியாத தன் கையாலாகாத்தனத்தை எண்ணி வெளியே நடக்கிறார். அன்பின் அளவு இருவருக்கும் ஒன்றுதான் என்பதை இருவரில் ஒருவராவது நம்பத் தொடங்கினால் போதும்.

உங்கள் தங்கை படித்தது பல ஆண்டுகளாகப் பரவிவரும் ஆதாரமற்ற பேச்சு. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து மருத்துவமனை ஒன்றில், மகன்களை இழந்த இரண்டு தம்பதிகளை ஓர் இளம் பாதிரியார் ஒருவரோடொருவர் பேசவைத்ததிலிருந்து 1969இல் பிறந்தது 'கம்பாஷனேட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமைப்பு. இன்று பல நாடுகளில், பிள்ளையை இழந்த பெற்றோர்களே பெற்றோர்களுக்குத் துணையாக அதை நடத்துகிறார்கள். அதன் அமெரிக்கக் கிளை 2006இல் எடுத்த கணக்கெடுப்பில், பிள்ளையின் மறைவுக்குப் பின் மணமுறிவு செய்தவர்கள் 16 விழுக்காட்டினர்தாம். பிரிந்தவர்களிலும் எல்லாரும் அந்த மரணமே காரணம் என்று சொல்லவில்லை. நீங்கள் இந்த அச்சத்தை இறக்கி வைத்துவிட்டுத் தூங்கலாம்.

இனி உங்கள் மகள். அவள் கேட்ட கேள்விக்கு இன்றைக்கே பதில் சொல்லுங்கள், நாளைக்குத் தள்ள வேண்டாம். ஆறு வயதுக் குழந்தைக்குத் தன் கோபத்துக்கும் உலகத்தில் நடப்பவற்றுக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் இயல்பாகவே இருக்கும். தான் கோபத்தில் நினைத்ததால்தான் அண்ணன் செத்துப்போனான் என்று அவள் தனக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கலாம். அந்த வயதில் மரணம் திரும்பி வரக்கூடிய ஒன்றாகவும் தோன்றும். "சாமியிடம் போயிருக்கிறான்" என்றால், போனவன் வருவான் என்றுதான் அவளுக்குப் பொருள். ஊருக்குப் போனான், தூங்குகிறான் என்ற சொற்களும் அப்படித்தான், பிறகு ஊருக்குப் போகவும் தூங்கவும் குழந்தை அஞ்சும். அவளை மடியில் உட்காரவைத்து, "அண்ணன் இறந்துவிட்டான். ஆற்றில் ஆழமான பள்ளம் இருந்தது, அவனால் மூச்சுவிட முடியவில்லை, அவன் உடம்பு நின்றுவிட்டது. இனி அவன் வரமாட்டான். நீ ரப்பருக்குச் சண்டை போட்டதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எல்லா அண்ணன் தங்கைகளும் சண்டை போடுவார்கள்" என்று சொல்லுங்கள். சொல்லும்போது நீங்கள் அழுதால் அழுங்கள். அவள் அடுத்த நிமிடமே எழுந்து விளையாடப் போனால் வருந்தாதீர்கள், ஒரு வாரம் கழித்து அதையே மறுபடி கேட்பாள். அப்போதும் அதே சொற்களில் சொல்லுங்கள்.

தட்டை எடுக்க வேண்டாம். அண்ணன் இல்லை என்பதை ஒருநாளைக்கு ஒருமுறை, தன் கையால் தாங்கக்கூடிய அளவில் அவள் அந்தத் தட்டின் மூலம் தொட்டுப் பார்க்கிறாள். "இது யாருக்குப் பாப்பா?" என்று உங்கள் கணவர் கேட்கட்டும். அவள் பெயரைச் சொல்வாள். அந்த வீட்டில் எல்லாரும் இருக்கும்போது அந்தப் பெயர் கேட்கும் முதல் இரவாக அது இருக்கலாம். என்றோ ஒருநாள் அவளாகவே மூன்று தட்டுகள் வைப்பாள். அன்றைக்கு அவளைப் பாராட்டவும் வேண்டாம், அவள் எதிரில் உடைந்துபோகவும் வேண்டாம். சோற்றைப் பரிமாறுங்கள்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு முன்னால் பிறந்து நான்கு வயதில் இறந்துபோன ஓர் அண்ணன் எனக்கு இருந்தான் என்பதே பன்னிரண்டு வயது வரை எனக்குத் தெரியாது. ஒரு பொங்கலுக்கு வீடு ஒதுங்கவைக்கும்போது டிரங்குப் பெட்டியின் அடியில், நைந்த துணி முடிச்சுக்குள் கறுத்துப்போன வெள்ளி அரைஞாண் ஒன்று கிடைத்தது. என்னவென்று கேட்டேன். அம்மா அதைக் கையில் வாங்கி, விரலால் ஒருமுறை வருடி, முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி முடிந்து வைத்தார். யாராவது அவரிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், விடை சொல்வதற்கு முன் அவர் ஏன் எச்சிலை விழுங்குவார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் மனம் நோகக்கூடாது என்று அவர் மறைத்தார். ஆனால் வீட்டில் ஏதோ ஒன்று பேசக்கூடாததாக இருக்கிறது என்பதை நாங்கள் எல்லாரும் நடக்கப் பழகும்போதே கற்றிருந்தோம். உங்களிடம் எத்தனை குழந்தைகள் என்று கேட்பவர்களுக்கு "இரண்டு" என்று சொல்லலாம். அது பொய் ஆகாது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் விளக்கம் சொல்லத் தெம்பில்லாத நாளில் "ஒன்று" என்று சொன்னாலும் அது மகனுக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீரில் மூழ்கும் குழந்தை கையைத் தூக்கி ஆட்டிக் கூச்சலிடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் மூச்சுக்குத் திணறும் குழந்தையால் கத்த முடியாது. பத்தடி தொலைவில் நிற்பவர் காதில்கூட விழாமல் ஓரிரு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள், அவர்களில் மிகப் பலர் குழந்தைகள். அவர்களில் எத்தனையோ குழந்தைகளின் அருகில் ஒரு தாயோ தாத்தாவோ இருந்திருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் குளித்த படித்துறைக்கு அடியில் எவரோ மணல் அள்ளிப் பள்ளம் ஆக்கியிருந்ததற்கு உங்கள் அப்பா பொறுப்பில்லை. கோபமா இரக்கமா என்று தெரியவில்லை என்கிறீர்கள். இரண்டும் இருக்கலாம், ஒன்று போனால்தான் மற்றது வரவேண்டும் என்பதில்லை. ஆனால் முதியவர் ஒருவர் பேச்சை நிறுத்தி, வெளியே போவதையும் நிறுத்திக்கொண்டார் என்பதை நான் அச்சத்தோடுதான் வாசித்தேன். அவர் பேரனையும் இழந்து, அந்த இழப்பில் மகள் துடிப்பதையும் பார்த்துக்கொண்டு, அதற்குத் தானே காரணம் என்ற சுமையையும் தூக்கிக்கொண்டிருக்கிறார். மன்னிப்பு என்ற பெரிய சொல்லெல்லாம் இப்போது தேவையில்லை. தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள். மறுநாளும் அழையுங்கள்.

உங்கள் மாமியார் அன்று சொன்னது கொடுமையான சொல். அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். அவர் மனத்திலும் பேரனின் இழப்பு இருக்கிறது, பழி போட ஓர் இடம் கிடைத்தால் வலி குறையும் என்று நினைத்துவிட்டார். அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர்தான் ஒருமுறை தெளிவாக, "அம்மா, இந்தப் பேச்சு இனி இந்த வீட்டில் வேண்டாம்" என்று சொல்ல வேண்டும்.

இன்னொரு பிள்ளை என்பது முழுக்க முழுக்க உங்கள் இருவர் முடிவு. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்களாக இருந்ததால், கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைக்குத் தமிழக அரசே அப்போது உதவி அளித்தது. அந்த அறுவை இன்றும் செய்யப்படுகிறது. முன்பு கருக்குழாயை எந்த முறையில் அடைத்தார்கள், தாயின் வயது என்ன என்பதைப் பொறுத்தே பலன் அமையும். ஆகவே வழி இல்லை என்று நீங்கள் நினைக்க வேண்டாம். ஆனால் "அவனே வந்து பிறப்பான்" என்ற நம்பிக்கையில் எனக்கு ஒரு கவலை உண்டு. இறந்த பிள்ளையின் இடத்தை நிரப்புவதற்காகப் பெறப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஆல்பர்ட் கெய்ன், பார்பரா கெய்ன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1964இலேயே எழுதினார்கள். போனவனோடு ஓயாமல் ஒப்பிடப்பட்டு, அந்தக் குழந்தைகள் தமக்கென்று ஒரு முகம் இல்லாமல் வளர்ந்ததை அவர்கள் கண்டார்கள். பிறக்கும் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே வேறொருவனாக இருக்க உரிமை உள்ளது. மகனுக்காக அழுது முடிக்காத நிலையில், மாமியாரின் அவசரத்துக்காக அந்த முடிவை எடுக்க வேண்டாம். முதல் ஆண்டு கழியட்டும்.

அந்த முதல் ஆண்டு நாளை நினைத்து இப்போதே நடுங்குவீர்கள் என்று தெரியும். நம் சமூகங்களில் பலவற்றில் சிறு பிள்ளைகளுக்கு நீண்ட சடங்குகள் கிடையாது. பெரியவர்களுக்குப் பதினாறாம் நாள், மாதந்தோறும், ஆண்டுதோறும் என்று ஊரே கூடித் துக்கத்தைப் பங்குபோட வழி வைத்த நாம், பிள்ளையை இழந்த தாய்க்கு அந்த வழிகளைக் குறுக்கிவிட்டோம் என்பது என் நெடுநாள் வருத்தம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16இல் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். அவர்களுடைய பெற்றோர்கள் இருபது ஆண்டுகள் கடந்தும் அந்தத் தேதியில் பள்ளி இருந்த தெருவில் கூடிப் படங்களுக்கு மாலையிட்டு, மகாமகக் குளக்கரையில் விளக்கேற்றுகிறார்கள். அவர்களுடைய வாழ்க்கை நடந்துகொண்டுதான் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. சடங்கு இல்லையென்றால் நீங்களே ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து அவன் வகுப்பு நண்பர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுப் பரிமாறலாம். பரணில் இருக்கும் படங்களில் ஒன்றை, சிறியதாக இருந்தாலும் போதும், கணவரின் சம்மதத்தோடு மகளின் மேசையில் வைக்கலாம்.

ஏழு மாதத்தில் இவ்வளவு வலிப்பது நோய் அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 முதல் 'நீடித்த துக்கக் கோளாறு' என்ற ஒன்று இடம்பெற்றிருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஆறு மாதம் தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் யாரையும் நோயாளி என்று சொல்வதில்லை. அந்தச் சமூகத்தின் வழக்கத்தையெல்லாம் மீறி, அன்றாட வாழ்க்கையே முடங்கும்படி துக்கம் உறைந்து நின்றால்தான் அப்படிச் சொல்வார்கள். உங்களுக்கோ கணவருக்கோ அப்பாவுக்கோ, பிள்ளை போன இடத்துக்கே போய்விடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், வாரக்கணக்கில் தூக்கமும் உணவும் இல்லாமற்போனாலும், மது துணையாகத் தொடங்கினாலும் தாமதிக்க வேண்டாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் டெலி மனாஸ் உதவி மையத்திலும், 104 என்ற எண்ணிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. பேசுகிறவர் உங்கள் பெயரைக்கூடக் கேட்கமாட்டார்.

கேள்வி: எட்டாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. எனக்கு ஒரு முறைதான் காட்டினார்கள். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. அத்தை மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிட்டார். அந்த மணம் இப்போது எங்கே வந்தாலும் எனக்கு உடம்பு உதறுகிறது. "முகம் பார்த்துப் பழகாத பிள்ளைதானே" என்கிறார்கள். பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். குழந்தை இல்லாததால் பிரசவ விடுப்பு கிடையாது என்று சொல்லி இரண்டே வாரத்தில் வரச்சொல்லிவிட்டார்கள்.
(வாசகி, திருப்பூர் மாவட்டம்)

பதில்: எட்டு மாதம் உங்களுக்குள் புரண்டு படுத்த பிள்ளையோடு உங்களுக்குப் பழக்கம் இல்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. குழந்தை உயிரோடு பிறந்ததா இல்லையா என்பதை உடல் பார்ப்பதில்லை. நஞ்சுக்கொடி வெளியேறிய இரண்டு மூன்று நாளில் அது பாலைச் சுரக்கத் தொடங்கிவிடும். உங்கள் உடல் தன் கடமையைச் செய்தது, அந்தப் பால் அந்தப் பிள்ளை இருந்ததற்குச் சாட்சி. உங்கள் அத்தை செய்தது பழைய கைவைத்தியம், வேலூரில் அதை மருத்துவ முறைப்படி ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள், பாலை அது குறைக்கிறது. அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்தார். ஆனால் அந்த மணம் தாங்க முடியவில்லை என்று அவரிடமே சொல்லுங்கள், வீட்டில் கொஞ்ச காலம் வேறு பூ வாங்கட்டும்.

விடுப்பு பற்றி நிறுவனத்தில் சொன்னது தவறு. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம், குழந்தை என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போதே இறந்து பிறந்த குழந்தையையும் அதில் சேர்த்திருந்தது. தொழிலாளர் ஈட்டுறுதிச் (ஈ.எஸ்.ஐ.) சட்டத்திலும், 26 வாரக் கருவுக்குப் பிறகு நேரும் பிரசவம், குழந்தை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும், பிரசவமாகவே கொள்ளப்பட்டது. 2025 நவம்பரில் இவ்விரண்டுக்கும் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த உரிமை தொடர்கிறது. உங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால், மருத்துவமனைச் சான்றோடு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குச் செல்லுங்கள், இல்லையென்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். இறந்து பிறந்த குழந்தையின் பிறப்பையும் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு நடந்ததா என்று மருத்துவமனையில் கேட்டு, அதன் நகலைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். விடுப்புக்கும் அது பயன்படும். உங்கள் பிள்ளை இந்த உலகத்துக்கு வந்ததை அரசாங்கத்தின் ஏடு ஒன்று எழுதி வைத்திருக்கிறது என்பதும் ஒருநாள் உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். குழந்தைக்கு ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தால், அந்தப் பெயரையே வைத்து நினையுங்கள்.

கேள்வி: நான்காம் வகுப்பு ஆசிரியர் நான். என் வகுப்பு மாணவி ஒருத்தி காய்ச்சலில் இறந்துவிட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் வரும் இடத்தில் என் குரல் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் என்னையே பார்க்கிறார்கள். அவளைப் பற்றிப் பேசாமல் பாடத்தைத் தொடருவதுதான் நல்லதா?

பதில்: பேசாமல் இருப்பது நல்லதில்லை. வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்கனவே தெரியும். தெரிந்ததைப் பேசக்கூடாது என்பதையும் இப்போது அவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். நாளைக் காலையில் பதிவேட்டைத் திறக்கும் முன், அவள் இறந்துவிட்டாள் என்பதையும், அந்தக் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் வகை இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பயப்பட வேண்டியதில்லை என்பதையும், இனி அவள் பெயரைப் பதிவேட்டில் கூப்பிடப்போவதில்லை என்பதையும் நேராகச் சொல்லுங்கள். அவள் இடத்தை ஒரே இரவில் வேறொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். சில நாள் காலியாக இருக்கட்டும், பிறகு யார் அங்கே உட்காருவது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அவளோடு சண்டை போட்ட ஒருவன் வகுப்பில் நிச்சயம் இருப்பான், அவனைத் தனியாகக் கவனியுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். அவளுடைய கட்டுரை நோட்டு, திருத்திய விடைத்தாள்கள், அலமாரியில் ஒட்டிய வண்ணப் படம் எல்லாம் உங்களிடம் இருக்கும். அவற்றை அலுவலகத்தின் வழியாக அனுப்பாமல், நீங்களே எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போங்கள். அவள் வகுப்பில் எப்படிச் சிரிப்பாள், யாரோடு சாப்பாட்டைப் பங்குபோடுவாள் என்பதெல்லாம் அவள் பெற்றோருக்குத் தெரியாது. பள்ளியில் அவள் வாழ்ந்த ஆறு மணி நேரத்தை அவர்களிடம் கொடுக்க உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

கேள்வி: எதிர்வீட்டில் எட்டு வயதுப் பெண் குழந்தை இரத்தப் புற்றுநோயால் இறந்து மூன்று மாதம் ஆகிறது. காரியத்துக்குப் போனதோடு சரி. அதன்பின் அந்த அம்மாவைப் பார்த்தால் என்ன பேசுவதென்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பதில்: தொடக்கத்தில் கூட்டமாக வருபவர்கள் மூன்றாம் மாதத்தில் நின்றுவிடுவார்கள். அந்த வீடு உண்மையில் தனியாகும் காலம் இதுதான். "விதி", "கடவுள் நல்லவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்", "இன்னொரு பிள்ளை இருக்கிறதே", "நீதான் தைரியமாக இருக்க வேண்டும்" என்பவற்றைச் சொல்லாதீர்கள். "ஏதாவது வேண்டுமானால் கேளுங்கள்" என்பதும் வேண்டாம், கேட்கும் தெம்பு அவர்களுக்கு இருக்காது. குழம்பு வைக்கும்போது ஒரு கிண்ணம் அதிகமாக வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்துவிட்டீர்களா என்று கேட்டு நீங்களே செய்து கொடுங்கள். வாசலில் எதிர்ப்பட்டால், "எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஆனால் அவளை நினைக்காத நாள் இல்லை" என்று சொன்னால் போதும். அவர் அழுதால், நீங்கள் அழவைத்துவிட்டதாக எண்ண வேண்டாம், கண்ணீர் முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தது.

அந்தக் குழந்தையின் பிறந்த நாள் எப்போது என்று விசாரித்து உங்கள் வீட்டுத் தினக்காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலையில் எதிர்வீட்டுப் படியேறிப் போய், அவள் பெயரைச் சொல்லி, "இன்றைக்கு அவளுக்கு ஒன்பது ஆகியிருக்கும் இல்லையா?" என்று கேளுங்கள்.